சர்க்கரை நோயில் அடிக்கடி சிறுநீர் கழிவது: எதை அளப்பது, எப்படி அளப்பது

நீரிழிவு என்ற பெயரே அந்த நோயின் முதல் அறிகுறியைச் சொல்லிவிடுகிறது. இழிதல் என்றால் இறங்குதல், வடிதல். உடலின் நீர் வடிந்துகொண்டே போகும் நோய் என்று பெயர் வைத்தவர்கள் கண்ணால் கண்டதையே பெயராக வைத்திருக்கிறார்கள். ஆனால் நோய் வந்து பல ஆண்டுகள் ஆனவர்கள் அடிக்கடி சிறுநீர் கழிக்க நேரும்போது, பெரும்பாலும் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வந்துவிடுகிறார்கள். "சர்க்கரை இருந்தால் அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். அல்லது "கிட்னி போய்விட்டது" என்று பயந்துவிடுகிறார்கள். இரண்டுமே அளந்து பார்க்காமல் எடுத்த முடிவுகள்.

மருத்துவரிடம் சொல்லும்போதும் இதே குழப்பம் நேர்கிறது. "அடிக்கடி பாத்ரூம் போகிறேன்" என்ற ஒரு வாக்கியத்துக்குள், ஒவ்வொரு முறையும் அரை லிட்டர் போகிறவரும் இருக்கிறார், அரைக் கோப்பை கூடப் போகாமல் திரும்புகிறவரும் இருக்கிறார். முன்னவருக்குச் சிறுநீர் அதிகமாக உற்பத்தியாகிறது; பின்னவருக்குச் சிறுநீர்ப்பை அதைத் தாங்கி வைக்க மறுக்கிறது. காரணம் வேறு, பரிசோதனை வேறு, மருந்தும் வேறு. எனவே எத்தனை முறை போனீர்கள் என்பதைவிட, மொத்தம் எவ்வளவு போனது, அப்போது இரத்தச் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்ற இரண்டு எண்களே இங்கே முக்கியம். அவற்றை வீட்டிலேயே எடுப்பது எப்படி, எடுத்த பின் என்ன செய்வது என்பதைக் கீழே விளக்கியிருக்கிறேன்.

சர்க்கரை நீரை எப்படி இழுக்கிறது

இரு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதி நுண்குழாய்களின் வழியே மீண்டும் இரத்தத்துக்குத் திரும்பி, ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் வரை மட்டுமே சிறுநீராக வெளியேறுகிறது. வடிகட்டப்பட்ட திரவத்தில் குளுக்கோஸும் இருக்கும். உடல் அதை வீணாக்க விரும்பாததால், நுண்குழாயின் தொடக்கப் பகுதியில் உள்ள கடத்திப் புரதங்கள் அதை ஏறக்குறைய முழுவதுமாக மீட்டு உள்ளே அனுப்பிவிடுகின்றன. ஆனால் அந்தப் புரதங்களின் வேலைத்திறனுக்கு ஓர் எல்லை உண்டு. இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போது, மீட்க முடியாத குளுக்கோஸ் குழாயிலேயே தங்கி, தன்னோடு நீரையும் சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகளையும் பிடித்து வைத்துக்கொண்டு வெளியேறுகிறது. உடலில் நீர் குறைவதால்தான் தாகம் எடுக்கிறது.

இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்வது அவசியம்: முதலில் சர்க்கரை, பிறகு சிறுநீர், அதற்குப் பிறகே தாகம். "நிறையத் தண்ணீர் குடிப்பதால்தான் நிறையப் போகிறது" என்று நினைத்துத் தண்ணீரைக் குறைப்பவர்கள் வரிசையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டவர்கள். அவர்கள் தண்ணீரைக் குறைத்தாலும் சர்க்கரை நீரை இழுப்பதை நிறுத்தாது. இழப்பு மட்டும் ஈடுசெய்யப்படாமல் போகும், இரத்தம் இன்னும் அடர்த்தியாகும், சர்க்கரை அளவு மேலும் ஏறும். என் பார்வையில், இந்த நோயில் வீட்டில் நடக்கும் தவறுகளில் மிகவும் ஆபத்தானது இதுதான்.

180 என்ற எல்லை எல்லோருக்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. வயது ஏறும்போது அது உயர்வதுண்டு. ஆகவே முதியவர் ஒருவருக்குச் சர்க்கரை 220 இருந்தும் சிறுநீர் கூடாமல் இருக்கலாம். கர்ப்ப காலத்தில் அது தாழ்வதால், இரத்தச் சர்க்கரை சரியாக இருந்தும் சிறுநீரில் சர்க்கரை தென்படலாம். சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கவில்லை என்பதோ, சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை இல்லை என்பதோ சர்க்கரை கட்டுக்குள் இருப்பதற்குச் சான்றாகாது. இரத்தத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்று நாள் குறிப்பேடு

தேவையானவை: மில்லிலிட்டர் கோடுகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் ஜாடி, ஒரு நோட்டு, ஒரு பேனா, குளுக்கோமீட்டர். ஜாடியைக் கழிவறைக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுங்கள். மூன்று நாட்கள் அடுத்தடுத்து வர வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அவை உங்கள் வழக்கமான நாட்களாக இருக்க வேண்டும். பயண நாளையும் விருந்து நாளையும் தவிர்த்துவிடுங்கள்.

காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரை அளக்காமல் விட்டு, அந்த நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு அங்கிருந்து தொடங்குகிறது. அதன் பிறகு பகலிலும் இரவிலும் ஒவ்வொரு முறையும் ஜாடியில் கழித்து, நேரத்தையும் அளவையும் எழுதுங்கள்; மறுநாள் காலை எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரோடு 24 மணி நேரம் நிறைவடையும். அந்தக் கடைசிச் சிறுநீர் இரவெல்லாம் சேர்ந்தது என்பதால் அதை இரவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். பலர் இதை மறந்து இரவு அளவைக் குறைத்துக் காட்டிவிடுகிறார்கள். பக்கத்துப் பத்தியில் என்ன குடித்தீர்கள், எவ்வளவு குடித்தீர்கள் என்பதை எழுதுங்கள். அடக்க முடியாத அவசரம், எரிச்சல், கசிவு ஆகியவை இருந்தால் ஒரு சொல்லில் குறித்தாலே போதும்.

இதே நாட்களில் இரத்தச் சர்க்கரையைக் காலை வெறும் வயிற்றில் ஒரு முறையும், முக்கிய உணவைத் தொடங்கிய இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு ஒரு முறையும், படுக்கப் போகும் முன் ஒரு முறையும் பாருங்கள். இரவில் சிறுநீருக்காக எழுந்தால், மூன்று நாட்களில் ஓர் இரவாவது அந்த நேரத்திலும் பாருங்கள். உங்கள் மீட்டர் 8.4, 11.2 என்பதுபோலத் தசம எண்களைக் காட்டினால் அது மில்லிமோல் அலகில் காட்டுகிறது. அந்த எண்ணை 18ஆல் பெருக்கினால் இந்தக் கட்டுரையில் உள்ள மில்லிகிராம் அலகு கிடைக்கும்.

விரலைக் குத்துவதிலும் கவனம் தேவை. பழம் உரித்த கையோடு பரிசோதித்தால், தோலில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத சாறே அளவைப் பெரிதும் உயர்த்திக் காட்டிவிடும். சோப்பும் நீரும் கொண்டு கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, விரல் நுனியின் நடுவில் அல்லாமல் ஓரத்தில் குத்த வேண்டும். அங்கே வலி குறைவு. இரத்தம் வராவிட்டால் கையைத் தொங்கவிட்டு மெல்ல நீவிவிடலாம், பிதுக்கக் கூடாது. ஸ்ட்ரிப் டப்பாவை மூடி வைத்திருக்கிறீர்களா, காலாவதித் தேதி கடந்துவிட்டதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். எதிர்பாராத எண் வந்தால் கை கழுவி மறுபடி பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

எண்களைப் படிப்பது

இரண்டு குறிப்பேடுகளைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாவதில், 24 மணி நேரத்தில் 10 முறை, ஒவ்வொரு முறையும் 400 மில்லிலிட்டர் அளவில், மொத்தம் 4 லிட்டர். சர்க்கரை 240க்கும் 310க்கும் இடையில். இரண்டாவதில் 14 முறை, ஒவ்வொரு முறையும் 90 முதல் 120 மில்லிலிட்டர், மொத்தம் ஒன்றரை லிட்டர். சர்க்கரை 120க்கும் 165க்கும் இடையில். அதிக முறை போனவர் இரண்டாமவர்தான். ஆனால் சர்க்கரை காரணமாகப் போகிறவர் முதலாமவர். இரண்டாமவருக்குச் சர்க்கரை மாத்திரையைக் கூட்டினால் ஒரு பயனும் இருக்காது, தாழ்சர்க்கரை வேண்டுமானால் வரும்.

பெரியவர்களுக்கு 24 மணி நேர மொத்தம் 3 லிட்டரைத் தாண்டினால் சிறுநீர் உற்பத்தியே அதிகம் என்று கொள்ளலாம். மொத்தம் 2 லிட்டருக்குள் இருந்து, ஒவ்வொரு முறையும் 150 மில்லிலிட்டருக்குக் குறைவாகவே போனால் பார்வையைச் சிறுநீர்ப்பையின் பக்கம் திருப்ப வேண்டும். 2க்கும் 3க்கும் இடையில் இருந்தால் எவ்வளவு குடித்தீர்கள் என்ற பத்தியோடு சேர்த்துப் பாருங்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சியும் இங்கே உதவும்: 7 சதவீதம் என்பது சராசரியாக 154 மில்லிகிராமுக்கும், 8 சதவீதம் 183க்கும், 9 சதவீதம் 212க்கும் சமம். அதாவது 8ஐத் தாண்டியவரின் சராசரியே சிறுநீரக எல்லையைத் தாண்டிவிட்டது. 6.8 இருப்பவர் ஒவ்வொரு நாளும் 4 லிட்டர் கழிக்கிறார் என்றால், இரத்தசோகை போன்றவை அந்த எண்ணைப் பொய்யாகக் காட்டாதவரை, காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

சிறுநீரும் அதிகம், சர்க்கரையும் அதிகம் என்றால்

முதல் வேலை, இழந்த நீரை ஈடுசெய்வது. தாகத்துக்குத் தண்ணீர் மட்டும் குடியுங்கள். பழச்சாறும் குளிர்பானமும் அந்த நேரத்துக்கு இதமாக இருந்தாலும், ஒவ்வொரு கோப்பையும் அடுத்த ஒரு மணி நேரத்தில் இன்னும் அதிகமான சிறுநீராகத் திரும்பி வரும். இதயச் செயலிழப்புக்காகவோ முற்றிய சிறுநீரக நோய்க்காகவோ நீரின் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் தங்கள் மருத்துவரைக் கேட்டே அளவைக் கூட்ட வேண்டும்.

இரண்டாவது வேலை, சர்க்கரை ஏன் ஏறியது என்று துப்பறிவது. இதில் பொறுமை வேண்டும், ஏனென்றால் "சாப்பாடு கொஞ்சம் கூடிவிட்டது" என்ற விடை எப்போதும் கையருகில் இருந்து மற்ற விடைகளை மறைத்துவிடும். மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள். விட்டுப்போன வேளைகள் நினைவில் இருப்பதைவிட அட்டையில் தெளிவாகத் தெரியும். மூட்டு வலிக்கோ மூச்சிரைப்புக்கோ ஸ்டீராய்டு ஊசி அல்லது மாத்திரை எடுத்தீர்களா? சளி, காய்ச்சல், பல்லில் சீழ், காலில் ஆறாத புண் ஏதாவது உண்டா? நோய்த்தொற்று இருக்கும்போது உணவு குறைந்தாலும் சர்க்கரை ஏறும்.

இன்சுலின் போடுபவர்கள் மருந்தையும் ஊசி போடும் இடத்தையும் சோதிக்க வேண்டும். வெயிலில் நின்ற வாகனத்தில் கிடந்த பேனா, உறைந்துபோய் இளகிய குப்பி, திறந்து பல வாரங்கள் ஆன மருந்து ஆகியவை வீரியம் இழந்திருக்கலாம். பெரும்பாலான இன்சுலின் வகைகளைத் திறந்தபின் நான்கு வாரங்கள் வரை பயன்படுத்தலாம், சரியான கெடு உறையில் இருக்கும். பிறகு வயிற்றிலும் தொடையிலும் வழக்கமாக ஊசி போடும் இடத்தை விரல்களால் மெல்ல அழுத்தித் தடவிப் பாருங்கள். ரப்பர்போலத் தடித்த மேடு தட்டுப்பட்டால், அங்கே போடும் இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படாது. வலிக்காது என்பதால் பலர் அந்த மேட்டிலேயே தொடர்ந்து குத்துகிறார்கள். இடத்தை மாற்றும்போது மருந்து திடீரென நன்றாக வேலைசெய்து சர்க்கரை தாழக்கூடும். ஆகவே மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காரணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், மாத்திரையை நீங்களாகவே இரட்டிப்பாக்க வேண்டாம். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு சில நாட்களுக்குள் மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பமாக இல்லாத பெரியவர்கள் பலருக்கு இலக்கு, உணவுக்கு முன் 80 முதல் 130, உணவுக்குப் பின் 180க்குக் கீழே. முதியவர்களுக்கும் தாழ்சர்க்கரை அபாயம் உள்ளவர்களுக்கும் இலக்கைத் தளர்த்துவார்கள். சர்க்கரை எல்லைக்குக் கீழே இறங்கிய சில நாட்களிலேயே சிறுநீர் குறையத் தொடங்கிவிடும். பார்வை மங்கல் மட்டும் தெளியச் சில வாரங்கள் ஆகலாம். சர்க்கரையோடு கண்ணின் வில்லையும் மாறுவதால், அந்த இடைவெளியில் புதுக் கண்ணாடி வாங்குவது வீண் செலவு.

சிறுநீர் அதிகம், சர்க்கரையோ கட்டுக்குள் என்றால்

மருந்துச் சீட்டைப் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கனாகிளிஃப்ளோசின் போன்று 'கிளிஃப்ளோசின்' என்று முடியும் மாத்திரைகள், மேலே சொன்ன கடத்திப் புரதத்தைத் தடுத்து, சர்க்கரையை வேண்டுமென்றே சிறுநீரில் வெளியேற்றுபவை. இவற்றை எடுப்பவருக்குச் சிறுநீர் சற்றுக் கூடுவதும், சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை மிக அதிகமாக வருவதும் எதிர்பார்க்கக்கூடியவை. அறிக்கையைப் பார்த்து அதிர வேண்டாம். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் இவை செய்யும் நன்மை பெரிது என்பதால் தொல்லை என்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பிறப்புறுப்பில் அரிப்பும் வெண்படலமும் வந்தால் பூஞ்சைத் தொற்று வந்திருக்கலாம். அதற்கு எளிய சிகிச்சை உண்டு. இரத்த அழுத்தத்துக்கும் கால் வீக்கத்துக்கும் தரும் நீர்ப்போக்கு மாத்திரைகள், மனநோய்க்குத் தரும் லித்தியம், இரத்தத்தில் கூடிய கால்சியம் ஆகியவையும் சிறுநீரைப் பெருக்கும். இவை எதுவும் இல்லாமல் நிறமற்ற சிறுநீர் லிட்டர் கணக்கில் போனால், சர்க்கரைக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு ஹார்மோன் கோளாறுக்கான பரிசோதனை தேவைப்படும்.

கொஞ்சம் கொஞ்சமாக, பல முறை என்றால்

எரிச்சல், கலங்கல், துர்நாற்றம், அடிவயிற்று வலி, காய்ச்சல் இருந்தால் சிறுநீர்த் தொற்றை முதலில் நினைக்க வேண்டும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே, கிருமியை வளர்த்துக் கண்டறியும் கல்ச்சர் பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுத்துவிடுவது நல்லது. நடுவயது தாண்டிய ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம், தாரையைத் தளரச் செய்து சிறுநீரை மிச்சம் வைக்கும். மலச்சிக்கலும் சிறுநீர்ப்பையை அழுத்தும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

சர்க்கரை நோய்க்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. நீண்டகால உயர்சர்க்கரை சிறுநீர்ப்பையின் நரம்புகளைப் பாதிக்கும்போது, பை நிறைந்ததே தெரியாமல் போகிறது. தொடக்கத்தில் அவர்கள் குறைவான முறைதான் போவார்கள். பிறகு பை முழுவதும் காலியாகாமல், வழிவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக வரத் தொடங்கும். கழித்த பிறகு எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதை ஸ்கேனில் வலியின்றிப் பார்த்துவிடலாம். இதைப் பார்க்காமல், அவசரத்தை அடக்கும் மாத்திரையைத் தொடங்குவது சரியல்ல. ஏற்கெனவே காலியாகாத பையை அது இன்னும் தளர்த்திவிடும். மிச்சம் தங்குபவர்கள், உணர்வு வராவிட்டாலும் 3 அல்லது 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துக் கழிப்பதும், கழித்தபின் ஒரு நிமிடம் அமர்ந்திருந்து மீண்டும் முயல்வதும் பயன் தரும். மிச்சம் இல்லாமல் அவசரம் மட்டுமே உள்ளவர்களுக்கு இதற்கு நேர்மாறான பயிற்சி: இடைவெளியை வாரந்தோறும் கால் மணி நேரம் நீட்டித்துப் பழக வேண்டும், காபியையும் தேநீரையும் குறைக்க வேண்டும்.

இரவு

இரவுக் கணக்கு 24 மணி நேர மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், பகலில் காலில் தேங்கிய நீர் படுத்தபின் இரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராவது ஒரு காரணமாக இருக்கலாம். மாலையில் கணுக்காலை விரலால் அழுத்திப் பள்ளம் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், பிற்பகலில் ஒரு மணி நேரம் கால்களை உயர்த்தி வைத்துப் படுங்கள். நீர்ப்போக்கு மாத்திரையின் நேரத்தை மாற்றலாமா என்றும் கேட்கலாம். உரத்த குறட்டையும் பகல் தூக்கமும் உள்ளவர்களுக்கு உறக்க மூச்சுத்தடையே இரவுச் சிறுநீருக்குக் காரணமாவதுண்டு. சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர்கள் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே பானங்களை நிறுத்திக்கொள்ளலாம். 250இல் இருப்பவர்களுக்கு இந்த யோசனை பொருந்தாது. கழிவறை வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும், தரையில் மிதியடி வழுக்காமல் இருக்கட்டும். இடுப்பு எலும்பு முறிந்து மருத்துவமனைக்கு வரும் முதியவர்களிடம் கேட்டால் இரவு எழுந்து போன கதையைச் சொல்பவர்கள் குறைவல்ல.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

சர்க்கரை 240க்கு மேல் நீடித்து, உடல்நலமும் குன்றினால், கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடல் கொழுப்பை எரிப்பதால் சேரும் அமிலப் பொருள்) பரிசோதிக்க வேண்டும். அதுவரை உடற்பயிற்சி வேண்டாம். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சில் பழவாடை, அரைமயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். கிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை 200க்குக் கீழே இருக்கும்போதே கீட்டோன் நஞ்சேற்றம் வரலாம்; எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. வாந்தியால் சாப்பிட முடியாத நாளில் அந்த மாத்திரையையும் மெட்ஃபார்மினையும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் இன்சுலினை முழுமையாக நிறுத்தவே கூடாது. முதியவர்களிடம் சர்க்கரை 600ஐத் தாண்டி, பல நாட்கள் நிறையச் சிறுநீர் போய், பிறகு சோர்ந்து குழம்பிப் படுத்துவிடும் நிலையும் உயிருக்கு ஆபத்தானது. அந்தக் கட்டத்தில் சிறுநீர் குறைவது தேறுவதற்கான அடையாளம் அல்ல, உடலில் நீர் தீர்ந்துவிட்டதற்கான அடையாளம். படுக்கையை நனைக்கும் பழக்கம் விட்டுப்போன குழந்தை மீண்டும் நனைக்கத் தொடங்கி, தாகமும் மெலிவும் சேர்ந்தால், அன்றைக்கே சர்க்கரை பார்த்துவிட வேண்டும்.

மருத்துவரிடம் செல்லும்போது

குறிப்பேடு, மீட்டர், எடுக்கும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள் ஆகிய மூன்றையும் கையில் கொண்டுபோங்கள். சிறுநீரகம் பற்றிய அச்சம் இருந்தால் அதை வெளிப்படையாகக் கேளுங்கள். சர்க்கரையால் வரும் சிறுநீரகப் பாதிப்பு தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. அடிக்கடி போவதை வைத்து அது இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, போகாததை வைத்து இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் சிறுநீர் அல்புமின் பரிசோதனையும் இரத்தக் கிரியாட்டினின் பரிசோதனையும்தான் அதைச் சொல்லும்.

ஜாடியை எறிந்துவிடாமல் கழுவி எடுத்து வையுங்கள். மருந்து மாறி இரண்டு வாரங்கள் ஆனதும், அதே ஜாடியில் இன்னொரு 24 மணி நேரக் கணக்கை எடுத்து, பழைய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள்.